நான் மாற்றிய மூன்றாம் பாகம்

படம் புத்தகத்தைப் போல இல்லை என்று யாராவது குறைபட்டுக்கொண்டால் நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் நான் செய்ததையும் சொல்லவேண்டி வரும்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வாடகை வீடு. அது யுத்தக் காலம். எனக்குப் பதினாறு வயது, தங்கைக்கு ஒன்பது. வேலை விஷயமாக வவுனியாவுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. பொலிஸ், முகாம், ஆஸ்பத்திரி என்று அம்மா ஏறி இறங்காத இடமில்லை. அப்படி ஒருவரைத் தெரியாது என்பதுதான் எல்லா இடத்துப் பதிலும்.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூட நூலகத்தில் அந்தப் புத்தகங்கள் கிடைத்தன. ஆங்கிலம், ஐந்து பாகம். ஒரு கிணற்றுக்குள் இறங்கினால் வேறொரு நாடு. கடலில் காணாமல் போன தகப்பனைத் தேடி அங்கே மூன்று பிள்ளைகள் அலைவார்கள். தங்கைக்கு ஆங்கிலம் ஓடாது. பின்னேரம் நான்கு மணிக்கு, டியூஷனுக்குப் போகமுன், பக்கத்தைப் பார்த்து நான் தமிழில் சொல்வேன். அம்மா அதே அறையில் மெசினில் சட்டை தைத்துக்கொண்டிருப்பார். அவர் கதை கேட்கிறார் என்று நான் நினைத்ததில்லை.

சின்னச் சின்ன மாற்றங்கள் முதலிலிருந்தே செய்தேன். அவர்களுடைய ரொட்டி புட்டாயிற்று. அரக்கன் எங்கள் வீட்டுக்காரரைப் போலக் கதைத்தான். மூன்றாம் பாகத்தில் பிள்ளைகள் ஒரு தீவில் தகப்பனின் கல்லறையைக் காண்கிறார்கள். அந்த வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்தேன். தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தூரத்தில ஒரு படகு வந்தது. அதில அப்பா வந்து இறங்கினார்" என்றேன்.

சொல்லிவிட்டேன், பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மிச்ச இரண்டு பாகத்திலும் அந்த மனுசனை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. காய்ச்சலில் படுக்க வைத்தேன், சந்தைக்கு அனுப்பினேன், சண்டை நடக்கும்போது நித்திரையாக்கினேன். தங்கைக்கு அவர் இருந்தாலே போதும்.

பிறகு அதைப் படமாக எடுக்கத் தொடங்கினார்கள், வருஷத்துக்கு ஒன்று. முதல் இரண்டிலும் தகப்பன் வரவேண்டியதில்லை, தப்பித்தேன். மூன்றாவது படம் ஆடி மாதம் வந்தது.

அதே வாரம் தெஹிவளையிலிருந்து பெரியப்பா வந்தார். "மூண்டு வருஷமாச்சுது. இந்த ஆடி அமாவாசைக்கெண்டாலும் முகத்துவாரக் கடலில தம்பிக்குத் தர்ப்பணம் செய்யவேணும். நான் நிண்டு செய்விக்கிறன்" என்றார். செய்தால் அப்பா இறந்தவர் என்றாகிவிடும், அம்மா பொட்டை அழிக்கவேண்டும். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக அம்மா சொன்னார்.

சனிக்கிழமை படத்துக்குப் போகத் தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். "அப்பா படகில வந்து இறங்கிறதைப் பாக்கவேணும்." காலிக்குப் போகும் பெரிய வீதியில் செக்கிங் அதிகம் என்றேன், குண்டு வைப்பார்கள் என்றேன். எதுவும் எடுபடவில்லை. அதற்கு மேலாக, மூன்று வருஷமாய்த் தியேட்டர் வாசல் மிதிக்காத அம்மா, "நானும் வாறன்" என்றார்.

வாசலில் பையைக் கொட்டிப் பார்த்து, அம்மா இங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டையும் வாசித்துவிட்டு உள்ளே விட்டார்கள். இடைவேளைக்குச் சற்று முன் கல்லறை வந்தது. பிள்ளைகள் மூவரும் கல்லில் கை வைத்தார்கள். நான் தூரக் கடலையே பார்த்தேன், என்னவோ படகு வந்துவிடும் என்பது மாதிரி. லைட் போட்டார்கள்.

தங்கைக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "படக்காரர் மாத்திப்போட்டாங்கள். புத்தகத்தில அப்பா வாறவரெல்லே அக்கா?"

அம்மாவின் மடியில் கடலைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "மெய்யே பிள்ளை? புத்தகத்தில அவர் வாறவரோ?"

எனக்குப் பயமாக இருந்தது. "ஓம் அம்மா. வாறவர். படத்திலதான் மாத்தியிருக்கினம்."

மறுநாள் பெரியப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "இந்த முறை வேண்டாம்" என்றார் அம்மா. எதை நம்பிக்கொண்டு நிற்கிறாய் என்று பெரியப்பா கேட்க, அம்மா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அதற்குப் பிறகு வந்த ஆடிகளிலும் வேண்டாம் என்றுதான் சொன்னார். யுத்தம் முடிந்த பிறகும் அதே பதில்தான். நான் செய்தது சரியா பிழையா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

தங்கை ஆங்கிலம் தேறி அந்த ஐந்து பாகங்களையும் தானே வாசித்தாள். மூன்றாம் பாகத்தை முடித்த அன்று குசினிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னோடு சண்டை பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதை, அக்கா" என்றாள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் முகம் கழுவியதும் இன்னும் பொட்டைத்தான் முதலில் தேடுகிறார்.