நான்கு வீட்டில் ஒன்று, ஒரு வீட்டில் நான்கு

எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளனாக இருந்தவன். இப்போது திருமுல்லைவாயிலில், நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்க அலுவலகத்தில் காலை வேளைகளில் மேலாளராக உட்காருகிறேன். இருநூற்றுப் பதினாறு வீடுகள். மூன்று லிஃப்ட், அதில் ஏதாவது ஒன்று எப்போதும் ஓடாது. எது ஓடாது என்பதுதான் மாறும்.

இந்த வேலையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. குடியிருப்போர் எல்லோரும் இருக்கும் கைபேசி குரூப்பை நடத்துவது. முந்நூற்று நாற்பத்தொரு பேர். தண்ணீர் லாரி, மின்சாரம், லிஃப்ட், காணாமல் போன சாவி, இவற்றைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது என்று நான் விதி எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் எண்ணினேன். அன்று வந்தவற்றில் அறுபத்து மூன்று, ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம். தண்ணீர் பற்றி இரண்டு. அந்த இரண்டில் ஒன்றும் போன மாதத்தில் நின்ற தண்ணீரைப் பற்றியது. யாரையாவது கண்டித்தால் மனம் புண்படுமோ என்று கவலை. கண்டிக்காவிட்டால் குரூப் கெட்டுவிடுமோ என்று கவலை. வீட்டில் என் மனைவி சொல்வாள், "அந்த முந்நூறு பேரும் நிம்மதியா இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் அவங்களுக்காகத் தூங்காம இருக்கீங்க."

சங்கத்தின் செயலாளர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன், ஆனால் எதையும் இருக்கிறபடி விட மாட்டார். அவர்தான் புது மென்பொருளைக் கொண்டுவந்தார்.

"அங்கிள், இது ட்ரையல்தான். மூணு மாசம் ஓட்டிப் பார்ப்போம். பிடிக்கலைன்னா தூக்கிருவோம்."

"தூக்கும்போது அதுகூட வேற எதுவும் போயிடாதே?" என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மென்பொருளின் வேலை எளிமையானது. வாசலில் காவலாளி கையில் ஒரு பலகை மாதிரி கருவி. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கார் துடைப்பவர்கள், இஸ்திரிக்காரர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண். உள்ளே வரும்போது அதை அழுத்த வேண்டும். மாதக் கடைசியில் அந்தந்த வீட்டுக்காரரிடம், உங்கள் வீட்டு வேலையாளுக்கு என்ன மதிப்பெண் என்று கைபேசியே கேட்கும். எல்லா வீடும் போட்டதைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். சராசரி இரண்டுக்குக் கீழே போனால் வாசலில் பெயர் சிவப்பாகத் தெரியும். ஒரு வாரம் சிவப்பாகவே இருந்தால் எண் தானாக முடங்கிவிடும், பிறகு உள்ளே விடக் கூடாது. கமிட்டியில் இதற்கு எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்தான் தூக்கினேன், கொஞ்சம் தாமதமாக.

ஆங்கிலத்தில் பார்ப்பவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வந்தது. வயதானவர்களுக்காகப் பெரிய எழுத்தில் தமிழ்ப் பக்கம் வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். அதை அந்தக் கம்பெனி முழுதாக முடிக்கவில்லை போலிருக்கிறது. நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள் மட்டும் வந்தன. எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் திருப்தி.

முதல் மாத முடிவில் ஒரே ஒரு பெயர் சிவப்பானது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பழைய ஊரில் குடியிருக்கும் பெண். ஐம்பதை ஒட்டிய வயது. எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வீடுகளில் வேலை செய்கிறாள், எட்டு வருஷமாக. அவளுக்கு வேறு வேலை கிடையாது, ஐந்து வீடும் இந்தச் சுற்றுச்சுவருக்குள்தான். காலையில் அலுவலகத்துக்குப் போகும்போது வாசலில் அவள் குரல் கேட்டது.

"இன்னா நைனா, என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியுதுக்கா. இந்தப் பொட்டிக்குத் தெரியலையே" என்றான் காவலாளி. "செவப்பு காட்டுது. எழுதி வெச்சிட்டுத்தான் விடணும்."

"நான் இன்னா திருடியா? சார், நீங்களே கேளுங்க சார். கையைக் கட்டிகினு நிக்க வெச்சிட்டான்."

அவளை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு அலுவலகக் கணினியைத் திறந்தேன். சராசரி ஒன்று புள்ளி ஆறு. ஐந்து வீட்டில் நான்கு வீடு ஒன்று போட்டிருந்தது. ஒரு வீடு நான்கு. கூட்டினால் எட்டு, ஐந்தால் வகுத்தால் ஒன்று புள்ளி ஆறு. இரண்டு முறை சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. நான்கு வீடுகள் ஒருத்தியை இவ்வளவு வெறுக்கின்றன, எட்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன மேலாளர்?

அதற்குள் யாரோ வாசல் கருவியின் சிவப்புப் பெயரைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். தண்ணீர் லாரிக்கு வராத வேகத்தில் பதில்கள் வந்தன. "யாரைத்தான் நம்புறது?" "எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்." இதைப் போட்டவர் அவளை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார், அவர் குடிவந்தே நான்கு மாதம்தான். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு வீட்டில் அவளை வேலைக்குச் சேர்ப்பதாக இருந்தார்கள், அது அவளுக்கு ஆறாவது வீடாகியிருக்கும். அந்தத் தாய், "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது" என்று போட்டாள். படத்தை நீக்கினேன். நீக்கியதும், "அட்மின் ஏன் மறைக்கிறார்?" என்று ஒருவர். எழுபத்து நான்கு பதில்களுக்குப் பிறகு, இனி அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று குரூப்பைப் பூட்டினேன். பூட்டியது சரியா என்று அன்று முழுக்க யோசனை.

ஒன்று போட்ட நான்கு வீடுகளிலும் இருப்பவர்கள் முதியவர்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு முதலில் போனேன். அவர் மனைவி படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, தலை வாருவது எல்லாம் இவள்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒன்றா என்பது எனக்கு ஆறவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"வேலையில ஏதாவது குறை இருந்தா, நேரா அவகிட்டயே சொல்லியிருக்கலாமே சார்."

"குறையா? யாருக்குக் குறை?"

"நீங்க ஒண்ணு போட்டிருக்கீங்க."

"ஆமாம், ஒண்ணுதான் போட்டேன். பின்னே?" அவர் குரல் உயர்ந்தது. "அவளுக்கு ரெண்டாவது இடமா குடுக்கச் சொல்றீர்? என் பொண்ணு வந்து பார்த்தாக்கூட இவ்வளவு பண்ண மாட்டா. முதல் ரேங்க் ஓய், முதல் ரேங்க்!"

நான் அப்படியே அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அந்த அம்மா மெல்லிய குரலில், "என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை. அவளுக்கு ஏன் ஃபர்ஸ்ட் குடுத்தேன்னு கேக்க வந்திருக்கார்."

மற்ற மூன்று கதவுகளையும் தட்டினேன். மூன்றிலும் அதேதான். மற்ற வேலையாட்களுக்கு இளையவர்கள் வீடுகளே அதிகம், அதனால் அவர்கள் பெயர் சிவப்பாகாமல் தப்பியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் ரேங்க் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வளர்ந்தவர்கள். ஒன்றைக் கண்டால் மகிழ்ச்சி, ஐந்தைக் கண்டால் பயம். தொழிற்சாலையில் நான் முத்திரை குத்தியபோதும் ஒன்றாம் தரம்தான் ஒசத்தி. எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் இல்லாததால் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அந்தக் கட்டத்தையேதான் அழுத்தியிருப்பேன். ஒரு பாட்டியம்மா மட்டும் கொஞ்சம் தயங்கியிருக்கிறார். "ரெண்டு போடலாம்னுதான் பார்த்தேன். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமா வைப்பா. அப்புறம் மனசு கேக்கலை, போகட்டும்னு ஒண்ணே போட்டேன்."

செயலாளரிடம் சொன்னேன். "அங்கிள், உலகம் முழுக்க அஞ்சுதான் பெஸ்ட்" என்றார்.

"தம்பி, பத்தாம் வகுப்பில நீங்க எத்தனாவது ரேங்க்?"

"ஃபர்ஸ்ட்."

"அஞ்சாவது வந்திருந்தா உங்க அப்பா என்ன பண்ணியிருப்பார்?"

"பெல்ட்டை உருவியிருப்பார்" என்று சொல்லிவிட்டு, உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். நல்ல பையன் என்று சொன்னேனே.

கம்பெனி சொன்ன பதில்தான் நல்லதாக இல்லை. ஒருமுறை போட்ட மதிப்பெண்ணை யாரும் மாற்ற முடியாது. ட்ரையலில் அந்த வசதி கிடையாது. அடுத்த மாதம் மறுபடி போடலாம், ஆனால் அதற்கு முன்பே, வருகிற திங்கட்கிழமை, எண் முடங்கிவிடும். முடங்கினால் ஐந்து வீட்டு வேலையும் போகும். ஒரே வழி, அவள் பதிவை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. அப்போது மதிப்பெண் எதுவும் இருக்காது.

"அதைச் செஞ்சிருவோம் அங்கிள்" என்றார் செயலாளர்.

"அழிச்சா வாசல் சரியாகும். குரூப்ல பேசினது?"

அதை முதியவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். நால்வரிடமும் போய்க் கேட்டேன். மூவர் தயங்கினார்கள். முந்நூறு பேர் முன்னால், எனக்கு இதை அழுத்தத் தெரியவில்லை என்று எப்படி எழுதுவது? ரயில்வேக்காரர் மட்டும், "பூட்டைத் திறந்துவிடும், நான் எழுதறேன்" என்றார். திறந்தேன். அவர் எழுதினார்: "நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது முதல் ரேங்க். ஒன்று என்றால் முதல் என்பது இங்குள்ள பட்டதாரிகளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. என் மனைவி இன்று சுத்தமாகப் படுத்திருப்பது அவளால்."

முதலில் வந்தவை சிரிக்கும் முகங்கள். பதினொன்று எண்ணினேன். யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை, விஷயம் வேடிக்கையாகத்தானே இருந்தது. ஆனால் அவர் அதைத் தன் மனைவியைப் பற்றிய வரிக்கு வந்த சிரிப்பாக எடுத்துக்கொண்டார். அவர் குரூப்பை விட்டு வெளியேறினார் என்று திரை காட்டியது. அடுத்து பாட்டியம்மா. அடுத்து இன்னும் நான்கு முதியவர்கள், அதில் இரண்டு பேருக்கு எதற்கு வெளியேறுகிறோம் என்றுகூடத் தெரியாது. முந்நூற்று முப்பத்தைந்து. நான் அட்மினாக இருக்கும் இத்தனை நாளில் கோபித்துக்கொண்டு யாரும் போனதில்லை.

அதன் பிறகுதான் சிரிப்பு நின்றது. கைக்குழந்தைக்காரத் தாய் எழுதினாள்: "நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். அவங்களை எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க." சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர் எதுவும் எழுதவில்லை. குரூப்பை விட்டும் போகவில்லை.

சனிக்கிழமை காலை அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நடந்ததை முழுதாகச் சொன்னேன். அந்த ஐந்து நாளும் அவள் ரயில்வேக்காரர் வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்திருக்கிறாள். வேலை போவதுகூடப் பெரிதில்லை, அந்த அம்மா தன்னை அப்படி நினைத்துவிட்டாரே என்று.

"அப்போ ஒண்ணுன்னா நல்லதுதான் குடுத்துகீறாங்களா?"

"அவங்க மனசுல அதுதான் முதல்."

முகம் தெளிந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ கணக்குப் போடுவது போல நின்றாள்.

"அஞ்சாவது ஊட்ல நாலு போட்டாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"ஆமாம்."

"அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா சார் கொறை வெச்சேன்? நாலாவது ரேங்க்கா?"

அவர்கள் இளம் தம்பதி, நட்சத்திரத்தில் போட்டவர்கள், அவர்கள் கணக்கில் நான்கு நல்லது என்று விளக்கினேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

பழைய பதிவைச் செயலாளர் அழித்தார். எட்டு வருஷமாக வருபவளின் பெயருக்கு எதிரில், பச்சையாக, "புதியவர்" என்று வந்தது. புதியவர்களுக்கு மென்பொருள் இரண்டு பேரின் உத்தரவாதம் கேட்கும், குடியிருப்பவர்கள் நேரில் வந்து வாசல் கருவியில் விரல் வைக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும் என்று நான்கு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ரயில்வேக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில். பாட்டியம்மா கைத்தடியோடு. குழந்தையைத் தோளில் போட்டபடி அந்தத் தாய்.

"ரெண்டு பேருதான் சார், அதுக்கு மேல எடுக்காது" என்றான் காவலாளி.

"அப்ப நானும் இந்த அம்மாவும்" என்றார் ரயில்வேக்காரர், குழந்தைக்காரத் தாயைக் காட்டி.

"உங்க வீட்டுக்கு நாலு வருஷமாத்தான் வரா. எங்க வீட்டுக்குத்தான் முதல்ல வந்தா" என்றார் பாட்டியம்மா.

"வருஷக் கணக்கு பார்த்தா நான் எப்பவுமே போட முடியாதே பாட்டி" என்றாள் அந்தத் தாய். இன்னொருவர், அகரவரிசையில் போகலாம் என்றார். நான் சீட்டுக் குலுக்கலாமா என்று யோசித்தேன், அதிலும் யாருக்காவது மனக்கசப்பு வருமோ என்று விட்டுவிட்டேன்.

அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நீங்க சண்டை போட்டுக்கினு இருங்க. அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வெக்கணும், நேரமாவுது" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"அக்கா, இன்னும் உன் பேரை ஏத்தலைக்கா!" என்று காவலாளி கத்தினான். அவள் திரும்பவில்லை. அவன் என்னைப் பார்த்தான். விதிப்படி நான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"அவங்க முடிவு பண்ணட்டும். அப்புறம் ஏத்திக்கலாம்" என்றேன்.