படுக்கக் கூடாத கட்டில்கள்

எங்கள் டீம் லீடர் வேலையை விட்டுப் போகிறார் என்று நுங்கம்பாக்கத்தில் ஒரு ஓட்டல் மாடியிலிருக்கும் கிளப்பில் பார்ட்டி வைத்தார். கணவரையும் அழைத்து வரலாம். ஒரே நிபந்தனை, எல்லோரும் ராத்திரி தூங்கும் உடையில் வர வேண்டும். அந்தக் கிளப்பையே ஒரு பெரிய படுக்கையறை மாதிரி கட்டியிருந்தார்களாம்.

எனக்குப் பார்ட்டி என்றாலே ஆகாது. ஆனால் அன்று எனக்கு ராத்திரி ஷிஃப்ட் இல்லை. என் கணவரும் நான்கு மணிக்கே ஃபேக்டரியிலிருந்து வந்துவிடுவார். ஒரு முழு சாயங்காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து விழித்திருக்கலாம். அதற்காகவே வருகிறேன் என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் எங்கள் ஆபீஸ் கேப் ஓட்டினார். நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து குமணன்சாவடியில் ஹாஸ்டலில் இருந்தேன். வண்டியில் கடைசியாக இறங்குவது நான்தான். முதல் மாதம் அவரை ‘அண்ணா’ என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறேன். மற்றவர்கள் இறங்கிய பிறகு கிடைக்கும் இருபது நிமிஷத்தில் பேசிப் பேசித்தான் எல்லாம் ஆனது. மகள் பிறந்ததும், ராத்திரியில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமே என்று கேப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தார். நான் விடியற்காலையில் எங்கள் பாரிவாக்கம் ஃபிளாட்டுக்குள் நுழையும்போது அவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். என் விடுமுறை ராத்திரிகளில் நடுவில் மகள் படுத்திருப்பாள். அந்த இருபது நிமிஷம்கூட இப்போது எங்களுக்கு இல்லை.

மகளை அன்று ராத்திரிக்கு, அவர் பிறந்து வளர்ந்த கள்ளிக்குப்பத்தில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். நான் புது காட்டன் நைட்டி போட்டு மேலே துப்பட்டா போர்த்தியிருந்தேன். அவர் கட்டம் போட்ட லுங்கி. பேன்ட் போடுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வாசலில் பவுன்சர் கையை நீட்டி மறித்தார்.

“லுங்கி அலோவ் இல்ல சார்.”

“தூங்கற டிரெஸ்லதானே வரச் சொன்னீங்க? நான் தெனம் தூங்கறது இத்த கட்டிகினுதான் நைனா.”

பவுன்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அண்ணாத்தே எந்த ஏரியா?”

“கள்ளிக்குப்பம்.”

“நான் பக்கத்துல, பாடி.” உள்ளே போய் மேனேஜரிடம் என்னவோ பேசிவிட்டு வந்தார். “போங்க. மடிச்சு மட்டும் கட்டாத, எனக்கு வேல பூடும்.”

உள்ளே சோபாவுக்குப் பதில் வரிசையாகக் கட்டில்கள். மேலிருந்து கொசுவலைகள் தொங்கின. விடிவிளக்கு மாதிரி நீல வெளிச்சம். இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்து ஒருவர் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னுடன் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பளபளவென்று சாட்டின் பைஜாமாவில் வந்திருந்தார்கள். துப்பட்டாவை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன்.

“இன்னா, வெக்கமாகீதா? இங்க நீ ஒருத்திதான் நெஜமா தூங்கற மாரி வந்துகீற,” என்றார் அவர். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கட்டிலில் உட்கார்ந்தார். ஆளுக்கொரு லெமன் சோடா வாங்க நான் கவுண்டருக்குப் போனேன். திரும்பி வருவதற்குள், நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒருக்களித்துப் படுத்து அயர்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. பேச வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். எழுப்பலாம் என்று குனிந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. காதோரம் நரைத்திருப்பதை அன்றுதான் கவனித்தேன். எப்போது நரைத்தது? எழுப்ப மனம் வரவில்லை. கண்ணாடி டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு நானும் பக்கத்தில் மெல்லச் சாய்ந்தேன். அவருடைய முதுகு என் தோளில் பட்டது. எத்தனை நாளாயிற்று.

கோடு போட்ட பைஜாமாவில் ஒரு சர்வர் ஓடி வந்தார். “மேடம், கட்டில்ல உக்காரலாம், படுக்கக் கூடாது. சார எழுப்பிடுங்க. இங்க யாரும் தூங்கக் கூடாது, ரூல்ஸ்.”

“பத்து நிமிஷம் தம்பி,” என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சர்வர் தயங்கி நின்றார். அதற்குள் தலையணைச் சண்டை ஆரம்பம் என்று மைக்கில் அலறினார்கள். எங்கிருந்தோ பறந்து வந்த தலையணை ஒன்று என் கணவர் முகத்தில் விழுந்தது. திடுக்கிட்டு எழுந்து, கால்களைத் தொங்கவிட்டு, குனிந்து ஷூவைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எப்போ வந்த? கம்பெனி பஸ் பூட்ச்சா?”

விடிந்துவிட்டது, நான் ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தினமும் என்னைப் பார்த்து அவர் கேட்பது அதுதான். “இல்லங்க, இன்னும் விடியல. நான் இங்கதான் இருக்கேன்,” என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

கேக் வெட்டும் வரைகூட இருக்கவில்லை. பைக்கில் பூந்தமல்லி நெடுஞ்சாலை முழுக்க அவர் தூங்கிவிடக் கூடாதே என்று ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். சேர்த்து வைத்த எதையும் பேசவில்லை.

காலையில் அலாரம் அடித்ததும் உட்கார்ந்து கேட்டார். “இன்னிக்கு லீவு போட்டுடவா?”

போடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த மாதம் மகளுடைய காய்ச்சலுக்காக ஏற்கெனவே மூன்று நாள் எடுத்திருந்தார். “போயிட்டு வாங்க,” என்றேன். எழுந்து குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு பகல் ஷிஃப்ட் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்கலாம் என்கிறார்கள். லீவு போடவா என்று அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.