டைம் கீப்பர் கடிகாரத்தை நிறுத்திய மதியம்

திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் தணிகாசலத்தின் விசிலுக்கு மறுபேச்சு கிடையாது. மழை கொட்டட்டும், மணப்பெண்ணே ஓடி வரட்டும், நேரம் ஆனால் வண்டி நகர்ந்தாக வேண்டும். ஒருமுறை டிரைவர் பாலு, ஆவி பறக்கும் டீயைக் கையில் பிடித்தபடி, "ஒரே ஒரு நிமிஷம், நைனா" என்று கெஞ்சினார். தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார், ஊதினார். பாலு பாதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினார். அன்றிலிருந்துதான் இருவரும் சிநேகிதர்கள். ஏன் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

பாலு ஓய்வு பெற்ற கையோடு, அடையாற்றங்கரையில் அவர் குடியிருந்த வீட்டையும் அரசாங்கத்தார் இடித்துவிட்டு, குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போக பஸ் இருக்கிறது. ஆனால் பஸ் ஏறி நண்பனைப் பார்க்கலாம் என்பது, பஸ்ஸோடு காலம் தள்ளிய இருவருக்கும் தோன்றவே இல்லை. அவர்களைச் சேர்த்து வைத்தது அமெரிக்கா.

பாலு வாங்கிய பழைய போனில், முன்பு அதை வைத்திருந்தவர் விட்டுப்போன விளையாட்டு ஒன்று கிடந்தது. அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பால். திறந்தால் தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"காலால ஆடற ஆட்டம்னு பேரு, கையில தூக்கிக்கினு ஓட்றானுங்க. இன்னா ஊருபா அது!" என்று பாலு வியந்து, தணிகாசலத்தின் போனிலும் அதை ஏற்றவைத்தார்.

அவரவர் வீட்டிலிருந்தே இருவரும் எதிரெதிராக ஆடலாம்; நாம் ஓட வேண்டியதில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, எறிவதா, யாருக்கு எறிவது என்று உத்தரவு போட்டால் போதும். பொம்மைகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தணிகாசலத்துக்குப் பழகிய வேலைதான். கடிகாரத்தின் சூட்சுமமும் சீக்கிரமே பிடிபட்டது. பந்தோடு ஓடும் ஆள் மைதானத்துக்குள் விழுந்தால் நேரம் ஓடும். எறிந்த பந்து பிடிபடாமல் போனாலோ, பிடித்தவன் கோட்டுக்கு வெளியே கால் வைத்தாலோ நேரம் நின்றுவிடும். ஆகவே தோற்கிறவன் எறிவான்; ஜெயிக்கிறவன் ஓடி, விழுந்து, மெதுவாக எழுந்து, நேரத்தைத் தின்பான்.

தணிகாசலத்தின் வார விடுமுறை மதியங்களில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஸ்பீக்கரில் பாலுவின் குரலோடு ஆட்டம் நடக்கும். கடற்காற்றில் கொடியில் புடவைகள் அசையும். போனுக்குள் ஏதோ ஒரு ஊரின் பச்சைப் புல்வெளியில் சின்னச் சின்ன மனிதர்கள் கனவில் ஓடுவதுபோல் ஓடுவார்கள். தணிகாசலத்துக்குத் தன் உடம்பு மாடியில் இருக்கிறதா, புல்லில் இருக்கிறதா என்று சில சமயம் விளங்காது.

அன்றைய ஆட்டம் கடைசி ஆட்டம். மறுநாள் முதல் பாலுவுக்கு நாவலூரில் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலை. கேட்டில் நிற்பவர் போனைத் தொடக்கூடாது. விடுமுறை என்று ஒன்றும் கிடையாது. இதைப் பாலு ஆட்டத்துக்கு நடுவே, மழை வரும்போல என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். ஆட்டம் முடிந்தால் போனை வைக்க வேண்டும். வைத்த பிறகு பேசிக்கொள்ள இருவருக்கும் வேறு சாக்கு இல்லை.

இரண்டு நிமிஷம் பாக்கி. தணிகாசலம் மூன்று புள்ளி முன்னால் இருந்தார், பந்தும் அவரிடம்தான். ஓடி ஓடி விழுந்தால் வெற்றி.

அவர் ஓடாமல் பந்தை எறிந்து பாஸ் போட்டார். பிடித்தவன் பத்திரமாகக் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். கடிகாரம் நின்றது.

"யோவ் டைம் கீப்பரே, தூங்கிக்கினு கீறியா? ஜெயிக்கிறவன் எவனாவது பாஸ் போடுவானா?"

"கை தவறிடுச்சி."

மறுபடியும் பாஸ். பந்து ஆளே இல்லாத இடத்தில் விழுந்தது. கடிகாரம் நின்றது. அடுத்ததும் அப்படியே. கொடியில் துணி எடுக்க வந்த முத்துலட்சுமி கணவரை எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியலயா உங்க தேங்கா ஆட்டம்?"

"இரு, முடிஞ்சிடும்" என்றார், முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்.

பந்தை வைத்திருக்கக் கிடைக்கும் வாய்ப்புகள் தீர்ந்து தணிகாசலம் அதை எதிர்ப்பக்கம் உதைத்துக் கொடுத்ததும், பாலு முன்னேறினார். ஓரக்கோட்டுக்கு ஒரு பாஸ், நிறுத்தம். இன்னொரு பாஸ், நிறுத்தம். எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கஜத்தில் வந்து நின்றபோது, கடிகாரத்தில் கண் சிமிட்டும் நேரம்தான் மிச்சம். உள்ளே தள்ளினால் ஆறு புள்ளி, பாலுவுக்கு வெற்றி.

பாலு தள்ளவில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தார். அதற்கு மூன்றே புள்ளி. ஆட்டம் சமன்.

தணிகாசலம் எழுந்து உட்கார்ந்தார். "ஒரு கஜம்தான்யா இருந்திச்சி! முட்டிக்கினு போயிருந்தா ஜெயிச்சிருப்ப. இன்னாத்துக்கு ஒதைச்ச?"

"நீ இன்னாத்துக்குப் பாஸ் போட்ட?"

முத்துலட்சுமி உதறிய புடவை காற்றில் ஒருமுறை விரிந்து அடங்கியது.

"சமன்னா, எக்ஸ்ட்ரா டைம் குடுப்பான்ல?" என்றார் பாலு.

"குடுப்பான்."

"அப்ப ஒரே ஒரு நிமிஷம், நைனா. வீட்ல டீ வச்சிருக்கா, குடிச்சிட்டு வரேன்."

திரையில் புல்வெளி காத்திருந்தது. தொடங்கலாமா என்று கேட்கும் பொத்தான் மின்னி மின்னி அணைந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதோ ஒரு வண்டி நேரம் தவறிக் கிளம்பும் ஹாரன். தணிகாசலம் அது எந்த வண்டி என்று யோசிக்கவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பாலு ஊதி ஊதி, நிதானமாக, டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார்.