ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டை மாடி

விமானம் தாழப் பறக்கும் சத்தம் எந்த ஊரில் கேட்டாலும் எனக்கு ஈரத் துணி வாசனை வந்துவிடும். சோப்பு முழுதாகப் போகாமல் பாதி காய்ந்த போர்வையின் வாசனை. அனகாபுத்தூரில் ஆற்றங்கரை ஓரமாக இருக்கும் என் அக்கா வீட்டு மொட்டை மாடியின் வாசனை அது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அந்த மாடியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று யாரோ சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சத்தம் வந்தால் பேச்சு நின்றுவிடும். திறந்த வாயோடு, சொல்ல வந்த வார்த்தையோடு, அப்படியே நிற்போம். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவோம். ஒரு எழுத்து பிசகாது.

அன்றைக்கு அதே சத்தத்தை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். விமான நிலைய லவுஞ்சில். பஞ்சு பொங்கிய சோபாவில். மடியில் ஒரு தட்டு, தட்டில் பனீர், பனீருக்குப் பக்கத்தில் பயந்து ஒதுங்கிய இட்லி.

தூத்துக்குடியில் அலுவலகப் பயிற்சி வகுப்பு முடித்து, நான் குடியிருக்கும் பூனாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலை பத்தேகாலுக்குச் சென்னையில் இறங்கினேன். அடுத்த விமானம் மாலை நாலு மணிக்கு. அக்கா வீட்டுக்குப் பல்லாவரம், பம்மல் வழியாக ஆட்டோவில் அரை மணி நேரம். போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, திட்டு வாங்கித் திரும்பி வந்தாலும் நேரம் மிச்சம். எனக்கு வேண்டியது ஓய்வும் சாப்பாடும். இரண்டும் அங்கே இருந்தன. நான் லவுஞ்சைத் தேர்ந்தெடுத்தேன்.

காரணம் சொல்கிறேன். அடுத்த வியாழக்கிழமை அக்கா மெல்போர்ன் போகிறாள், மகனிடம். "ஆறு மாசம் இருந்து பாருங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். இந்த 'அப்புறம் பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பி எத்தனை வீடுகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று தென் சென்னைப் புறநகர்த் தெருக்களில் நடந்துபோனால் தெரியும். ஒரு மாதமாக அக்கா போனில் எனக்கு ஒரு பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தாள். பீரோவை எங்கள் திருச்சபைக்குக் கொடுத்துவிட்டாளாம். கிரைண்டர் எதிர்வீட்டு மருமகளுக்கு. தையல் மெஷின், பள்ளிக்கூடத்தில் அவளிடம் கணக்குப் படித்த பம்மல் பெண் ஒருத்திக்கு. ஆறு மாதத்துக்குப் போகிறவள் கிரைண்டரை எதற்குக் கொடுக்கிறாள்? வீட்டுக்குப் போனால் கேட்க வேண்டிவரும். கேட்டால் சொல்லிவிடுவாள். அவள் பொய் சொல்லத் தெரியாத டீச்சர்.

போதாததற்கு ஜெபம் வேறு. எங்கள் வீட்டில் ஊருக்குப் போகிறவன் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கண்ணை மூட வேண்டும். தாம்பரத்துக்குப் போனாலும் சரி, டாட்டாநகருக்குப் போனாலும் சரி. அப்பா காலத்தில் அது ஒரு நிமிட ஜெபம். அக்கா கைக்கு வந்தபிறகு வளர்ந்துவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அவள் ஆண்டவரிடம் சொல்லுவாள், நமக்குக் கேட்கும்படி. ஜெபத்துக்கு நடுவில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அந்த வசதியை அவளைப் போல யாரும் பயன்படுத்திக்கொண்டதில்லை. கல்யாணமாகி நான் பூனாவுக்குக் கிளம்பிய அன்று என் புது மனைவி கண்ணை மூடி நிற்க, நான் திருப்பித் தராத மூன்று எவர்சில்வர் டப்பாக்கள் கர்த்தருடைய சமுகத்தில் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டன. எதை மறந்தாலும் மன்னிப்பாள் அக்கா. பிறந்தநாளை மறக்கலாம், கிறிஸ்துமஸுக்கு வராமல் இருக்கலாம். அவள் கொடுத்துவிட்ட டப்பா மட்டும் அவள் கைக்குத் திரும்ப வந்தாக வேண்டும்.

ஆகவே முந்தின நாளே போனில் சொல்லிவிட்டேன்: "நடுவுல ரெண்டு மணி நேரம்தான்க்கா. வெளிய வரவே முடியாது."

"சரிடா" என்றாள். சந்தேகப்பட வேண்டிய அளவுக்குச் சின்ன 'சரிடா'.

லவுஞ்சைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு நிபுணன் இருக்கிறான். பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை விசாரித்திருக்க மாட்டான். தூத்துக்குடியில் விமானம் ஏறும் முன்பே எனக்குப் பாடம் எடுத்துவிட்டான்.

"மச்சான், அங்க ரெண்டு இருக்கு. கீழ இருக்கறதுல பாத்ரூம் உள்ளேயே, சோறு சுமார். மேல இருக்கறதுல பிரியாணி, ஆனா பாத்ரூமுக்கு வெளிய வரணும். உனக்கு எது முக்கியம்னு நீயே முடிவு பண்ணிக்க."

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவனைப் பார்த்துக் கேட்கக் கூடிய ஆழ்ந்த கேள்வி. எஸ்கலேட்டருக்குக் கீழே நின்று என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தேன். பிரியாணி ஜெயித்தது.

மேலே வரிசை. பாதுகாப்புச் சோதனையைவிட நீளமான வரிசை. ஓய்வெடுக்க நாற்பது பேர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் வங்கிக் கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாய் எடுத்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். இரண்டு ரூபாய்க்கு இன்று கோவிலில் செருப்பைக்கூட பார்த்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே ராஜ மரியாதை. அந்த ராஜ மரியாதைக்காகக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள், பந்தியில் அடுத்த இலைக்குப் பின்னால் நிற்பதைப் போல, சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். காலியான சோபாவில் ஒருவர் தூரத்திலிருந்தே கைக்குட்டையை வீசி இடம் பிடித்தார். தாம்பரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டு போட்ட கை அது. பழக்கம் விடவில்லை.

உள்ளே நுழைந்தவர்களுக்குப் பசி என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. விட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. பிரியாணிக்கு மேல் நூடுல்ஸ், நூடுல்ஸுக்கு மேல் குலோப்ஜாமூன், எல்லாவற்றுக்கும் மேல் அப்பளத்தைக் குடை மாதிரி கவிழ்த்துப் போனார்கள். நான் மட்டும் என்ன, என் தட்டைத்தான் சொன்னேனே. சாம்பார் தித்தித்தது. பிரியாணிக்குக் கோழியைத் தூரத்திலிருந்து காட்டியிருந்தார்கள். ஆனாலும் இரண்டாவது தடவை போனேன்.

கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை. அதற்கு அந்தப் பக்கம் புல், மதில், மதிலுக்குப் பின்னால் வெயிலில் வெளுத்த வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், கொடிகள். எங்கோ அங்கேதான். என் கண் போய்ப் போய் அங்கேயே நின்றது.

தட்டு எடுக்க வந்த அம்மாள் என்னைக் கவனித்துவிட்டாள். சீருடைக்கு மேல் வெற்றிலைச் சிரிப்பு.

"இன்னா சார், அந்தாண்டயே பாத்துகினு கீறீங்க?"

"அது அனகாபுத்தூர்தானேக்கா?"

"அதேதான். இந்தாண்ட பொழிச்சலூரு. நம்ம வூடு அங்கதான் கீது."

"எங்க அக்கா வீடு அங்க இருக்கு."

கையிலிருந்த தட்டுகளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இங்க இன்னா சார் பண்றீங்க?"

பதில் சொல்ல வாயில் பனீர் இருந்தது. அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"இந்த சாம்பார நான் தொடமாட்டேன் சார். வூட்லேந்து டிபன் எத்தாந்துருவேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அந்த லவுஞ்சில் அன்று ஒருத்திதான் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாள்.

அப்போது போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்கே?"

"ஏர்போர்ட்லதான்க்கா. போர்டிங் ஆரம்பிச்சுட்டாங்க."

"அப்படியா. பின்னால கரண்டி சத்தம் கேக்குதே."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதுவும் கேட்டிருக்கும்.

"தூத்துக்குடியிலேருந்து வர்ற விசிறி ஃபிளைட் பத்தேகாலுக்கெல்லாம் என் தலைக்கு மேல போச்சு. துணி காயப் போட்டுட்டிருந்தேன். கை காட்டினேன். நீ எங்க பார்க்கப் போறே."

இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம் எங்கிருந்து வருகிறது, வால் சிவந்த பெரிய விமானம் எங்கே போகிறது என்று அவளுக்குப் பால்காரன் வருகிற நேரம் மாதிரி அத்துப்படி. முப்பது வருடம் அதற்குக் கீழே துணி காயப்போட்டவளிடம் நான் விமான நேரத்தில் பொய் சொல்லியிருக்கிறேன்.

"பூனா ஃபிளைட் நாலு மணிக்குன்னு எதிர்வீட்டு மருமக போன்ல பார்த்துச் சொல்லிட்டா. நான் வெளிய நிக்கறேன். மூணாம் நம்பர் வாசல்."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளிய. ஆட்டோல வந்தேன். குழம்பு எடுத்துட்டு வரல, தண்ணியா இருந்தா விடமாட்டானாமே. இட்லியும் வறுத்த மீனும்தான்."

"உள்ள வந்துட்டா திரும்ப வெளிய விடமாட்டாங்கக்கா."

"ஏன், ஜெயிலா?"

"லவுஞ்சுக்கா."

"அப்படின்னா?"

"சும்மா உக்காந்து, சாப்பிட்டு, ரெஸ்ட் எடுக்கற இடம்."

"அதுக்குத்தான்டா நான் வீடுன்னு ஒண்ணு வச்சிருந்தேன்" என்றாள்.

வச்சிருந்தேன். வச்சிருக்கேன் இல்லை. நான் எழுந்துவிட்டேன். என் சோபாவில் அடுத்தவருடைய கைக்குட்டை விழுந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்டிருக்கும்.

பாதுகாப்புச் சோதனை தாண்டியவன் வெளியே போக வேண்டுமென்றால் விமானக் கம்பெனி ஆள் கூட வந்து, பதிவேட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி என் போர்டிங் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் குங்குமம், கண்ணில் காலை ஷிஃப்டின் அலுப்பு.

"எதுக்கு சார் வெளிய போகணும்?"

"எங்க அக்கா வெளிய நிக்கறாங்க."

"மெடிக்கல் எமர்ஜென்சியா?"

"இல்ல மேடம். மீன் வறுத்துட்டு வந்திருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர் செருமினார்.

"என்ன மீன்?"

"வஞ்சிரமாத்தான் இருக்கும்."

பேனாவை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதினார். "பத்து நிமிஷம்தான் சார். திரும்ப செக்கிங் எல்லாம் முதல்லேருந்து."

அவரே கூட வந்தார். கதவைத் தாண்டியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. டாக்சிக்காரர்களின் கூவலுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில், ஜவுளிக்கடைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குடைக்குக் கீழே அக்கா நின்றாள். போன தடவை பார்த்ததைவிடக் குடை பெரிதாகத் தெரிந்தது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் வயிற்றைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் போடறாங்க போலிருக்கு, உங்க லவுஞ்சுல."

"சாம்பார் தித்திப்புக்கா."

"நல்லா வேணும்." குடையை மடக்கினாள். "கண்ணை மூடு."

"இங்கயா? அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"அவங்களும் மூடட்டும்."

மூன்றாம் எண் வாசலில், தள்ளுவண்டிகள் எங்களைச் சுற்றி வளைந்து போக, அக்கா ஆரம்பித்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஆகாயத்தில் பறந்து வந்தும், ஆற்றங்கரையில் இருக்கிற அடியாள் வீட்டுக்கு நடந்து வரக் காலில்லாமல் போன இந்தப் பிள்ளையை உம்முடைய கரத்தில் கொடுக்கிறேன். இவன் சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கை நீர் அறிவீர் கர்த்தாவே. கணக்கு டீச்சரின் தம்பியாயிருந்தும் இவனுக்குக் கழித்தல் வரவில்லை. இவனுக்காக வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒளிந்துகொண்டு, காசுக்குப் பரிமாறுகிற பந்தியைத் தேடிப் போகாதபடிக்கு இவனைக் காத்தருளும்." பக்கத்தில் அதிகாரி வாயைப் பொத்திக்கொள்வது எனக்குக் கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. "ஆண்டவரே, நான் போகிற இடத்தில், திரும்ப இந்த மண்ணில்..."

விமானம் வந்தது. தலைக்கு நேர் மேலே, வயிறு தெரிய. அக்கா நிறுத்தினாள். மாடியில் நிற்பதைப் போலவே, வாய் திறந்தபடி, சொல்ல வந்த வார்த்தையோடு. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கண்கள் இறுக மூடியிருந்தன. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதைக் கேட்கத்தான் பயந்து ஒளிந்தேன், அதைக் கேட்கத்தான் வெளியே வந்தேன்.

சத்தம் தேய்ந்து போயிற்று. முதல் தடவையாக, அக்கா விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை.

"இவன் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். ஆமென்."

"ஆமென்" என்றார் குங்குமம் வைத்த அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "சார், டைம்."

அக்கா பையை என் கையில் திணித்தாள். உள்ளே துணி சுற்றிய டப்பா, இன்னும் சூடு. மூடியில் அழுத்தமாக வெட்டிய அவள் பெயர் விரலுக்குத் தட்டுப்பட்டது. பீரோ போயிற்று, கிரைண்டர் போயிற்று, தையல் மெஷின் போயிற்று. நான் ரெண்டடி நடந்து திரும்பினேன். நேராகக் கேட்கத் தைரியமில்லாதவன் கேட்கக் கூடிய ஒரே கேள்வி என்னிடம் இருந்தது.

"அக்கா, இந்த டப்பாவ என்ன பண்றது?"

அவள் குடையை விரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கரும்பலகையில் தப்பான விடை எழுதியவனைப் பார்க்கிற பார்வை.

"என்ன பண்றதுன்னா? கழுவிக் கொண்டாந்து என் கையில குடு. போன தடவை மூடியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு."