என்னை 'வால்பாரம்' ஆக்கியவர்

ஸ்டீபன் அண்ணன் போய்விட்டார். நேற்று அடக்கமும் முடிந்தது.

காலையிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறக்க முடியவில்லை. "தங்கமான மனுஷன்", "மலைநாட்டு வானத்தின் ராஜா"... அடேங்கப்பா! நானும் என் பங்குக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் ஃபோன் கோல் எடுத்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

தெரியாதவர்களுக்கு... நுவரெலியாவில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், ரிமோட்டில் பறக்கிற விமானம். சும்மா சுற்றி வருகிற ரகம் இல்லை, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிற ரகம்.

அந்த ரகத்தில் எல்லாமே பேலன்ஸ்தான். இறக்கைக்கு அடியில் குறித்த இடத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் தராசு முள் மாதிரி நேராக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனத்தால் சோம்பேறியாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் கதை முடிந்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டே போய்த் தொப்பென்று விழும்.

எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அங்கே ஈயம் ஒட்டுவோம். டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுகிற அதே ஈயம். நான் அப்படியே ஒட்டிவிடுவேன். அண்ணன் மட்டும் தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித் தாளில் சுற்றித்தான் ஒட்டுவார். "ஈயம் மரத்துல படக்கூடாது தங்கச்சி" என்பார். எங்கள் பக்கத்தில் வேறு ஒருவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

ஒரு ஹோட்டல்காரர் வந்தார். சனி ஞாயிறில் விருந்தாளிகளுக்கு விமானம் விட்டுக் காட்ட ஒரு ஆள் வேண்டும், இரண்டு பேரும் கந்தப்பளைத் தோட்டத்து மைதானத்துக்கு வந்து பறக்கவிட்டுக் காட்டுங்கள் என்றார்.

அந்த வேலை எனக்கு வேண்டும். அப்படி ஒரு வெறி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வெளையாட்டுச் சாமான்" என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கேட்காத வாய் இல்லை.

காட்டப் போகிற விமானத்தை நானே வெட்டி, நானே ஒட்டிக் கட்டினேன். ப்ரொப்பெல்லரின் இரண்டு இலையும் ஒரே கனம் வரும்வரை தேய்த்தேன். வால் சிறகு எவ்வளவு ஆட வேண்டும் என்று செட் பண்ணினேன். பேட்டரியை ஒரு விரல் அகலம் முன்னால் தள்ளி, மைதானத்தில் வைத்தும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தேன். அசையாமல் நின்றது. ஹோட்டல்காரர் "ஆ!" என்றார்.

"குளுருது, போயி ஒரு ப்ளேன்டீ குடிச்சிட்டு வா தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன்.

போனேன். குடித்தேன். வந்து பறக்கவிட்டேன்.

மூக்கைத் தூக்கியது... தூக்கிக்கொண்டே போனது... ரிமோட் குச்சியை எவ்வளவு தள்ளியும் கேட்கவில்லை. ஹோட்டல்காரரின் கண் முன்னாலேயே தேயிலைக்குள் போய்ச் சொருகியது.

"அடடா, வால்பாரம்! பேலன்ஸ் பாக்கத் தெரியாம வந்திட்டியே!" அண்ணன் மைதானத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். வேலை அவருக்குப் போனது. இந்தப் பெயர் எனக்கு வந்தது.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காதான் உடைந்த வாலைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுக்குள்ள என்னமோ மின்னுது பாரு புள்ள."

வெள்ளித் தாள். பிரித்தால் ஈயம்.

மறுநாள் கடையில் அதை அவர் மேசையில் வைத்தேன். "இது யாரோடதுண்ணே?" மனுஷன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீயே வெச்சிட்டு மறந்திருப்ப, வால்பாரம்."

அன்றிலிருந்து நான் வால்பாரம்தான். பஸ்ஸில் கண்டக்டர் "வால்பாரம், எறங்கு எறங்கு" என்பான். என் அக்கா கல்யாணத்தில் இவரே மைக்கைப் பிடித்து, "வால்பாரம் வீட்டுக்காரங்க பந்திக்கு வரவும்" என்றார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

"நான்தான் வெச்சேன்" என்று அவர் வாயால் ஒரே ஒரு தடவை சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தேன். அதற்குள் தப்பித்துவிட்டார், பாவி மனுஷன்!

நேற்று சாவு வீட்டுக்குப் போனேன். ரீட்டா அக்கா, அவர் மனைவி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "வந்துட்டியா வால்பாரம்... ஒன்னயப் பத்தி எங்கிட்ட எப்பவும் பேசுவாரும்மா. 'அவ வெரல் வெச்சுப் பாத்தா தப்பே வராது ரீட்டா, நமக்கு அந்தக் கை வராது'ன்னு சொல்லுவாரு."

கேட்டீர்களா? வீட்டுக்குள்ளே அது. ஊருக்கு முன்னால் வால்பாரம்.

அந்த நிமிடம் வரைக்கும், சத்தியமாக, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எல்லோரும் தலைமாட்டில் நின்று அழுதார்கள். நான் கால்மாட்டுக்குப் போனேன். பூ வைத்தேன். குனிந்து இரண்டு காலையும் தொட்டுக் கும்பிட்டேன். "என்ன இருந்தாலும் மரியாத தெரிஞ்ச புள்ள" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அவர் போட்டிருந்த வெள்ளை சாக்ஸுக்குள் வைத்துவிட்டேன். அதே ஈயம். அன்று அவர் மேசையிலிருந்து திரும்ப எடுத்தது, என் ஹேண்ட்பேக்கிலேயே கிடந்தது. அவர் சுற்றிய அதே வெள்ளித் தாளோடு.

மண்ணும் போட்டாயிற்று. இனி யாரும் எடுக்க முடியாது.

மேலே பார்த்துப் போங்கண்ணே. பாதி வழியில் மூக்கைத் தூக்கினால் பயப்படாதீர்கள்... வால்பாரம் இப்போது நீங்கள்தான்.

என் பெயர் சுமதி.