வெட்டி எறிந்த இரண்டாவது வாக்கியம்

“மேடம், காலைல செம நாத்தம். இப்ப நாத்தமே இல்ல. தொட்டில ஆளுங்கள எறக்கலாமா?”

என் ஆன்லைன் கோர்ஸின் கேள்விப் பக்கத்தில் ஆம்பூர் இம்தியாஸ் என்பவர் எழுதியிருந்தார். கீழே தளத்தின் தானியங்கிப் பதில்: “அருமையான கேள்வி! மூன்றாவது பாடத்தைப் பார்க்கவும்.”

வேலூரில் ஒரு கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு சென்னை நிறுவனம் என்னைப் பேசவைத்துப் படம் எடுத்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். மூன்றாவது பாடம் கழிவுநீர்த் தொட்டி. அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு தங்கும். கேமரா முன் நான் சொன்னது இரண்டு வாக்கியம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இறங்காதீர்கள். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அதனால் வாயுவை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எப்போதுமே இறங்காதீர்கள்.

வீடியோவைத் திறந்தேன். முதல் வாக்கியம் இருந்தது. இரண்டாவதைக் காணோம். வீடியோ நேராகக் கையுறை பற்றிய பேச்சுக்குத் தாவிவிட்டது.

கேள்விப் பக்கத்தில் இம்தியாஸின் நம்பர் இல்லை. ஆம்பூரில் வேலை செய்யும் பழைய மாணவன் சரவணனைக் கூப்பிட்டேன். “நம்ம பக்கத்து டேனரி சூப்பர்வைசர்தான் மேடம்” என்று நம்பர் கொடுத்தான்.

“யாரையாவது எறக்கிட்டீங்களா?” என்றேன், இம்தியாஸ் போனை எடுத்ததும், பெயர்கூடச் சொல்லாமல். வீடியோவில் கேட்ட குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

“இல்ல மேடம், ரெண்டு பேரு பெல்ட் கட்டிக்கினு நிக்கிறாங்க. நீங்கதானே சொன்னீங்க, நாத்தம் வந்தா எறங்கக் கூடாதுன்னு. இப்ப நாத்தமே இல்லியே.”

“அவங்கள தொட்டி மேடைய விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மொதல்ல மீட்டர எறக்குங்க.”

மீட்டர் ஆபீஸ் பீரோவில் இருந்தது. அதை எடுத்துவந்து கயிற்றில் கட்டி இறக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை. பீப் சத்தம் எனக்கே கேட்டது. வாயு ஆபத்தான அளவில் இருக்கிறது என்று அர்த்தம்.

“மேடம், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் என் மச்சான்” என்றார்.

உடனே நிறுவனத்தில் கோர்ஸைக் கவனிக்கும் கார்த்திக்கைப் பிடித்தேன்.

“ஒரே பாயின்ட்ட ரெண்டு வாட்டி சொல்றீங்கன்னு எடிட்டர் எடுத்துட்டாரு மேடம். வீடியோ நீளமா போனா ஜனங்க பாக்க மாட்டாங்க.”

“ரெண்டும் ஒண்ணா? ஆள் செத்திருப்பான் கார்த்திக்.”

“ஒண்ணும் ஆகலயே மேடம். ரேட்டிங் நல்லா இருக்கு, இப்பப் போய்...”

வாழ்க்கையில் யாரையும் நான் ஒருமையில் திட்டியதில்லை. அன்று திட்டினேன். தொழிற்சாலை ஆய்வாளரிடம் போகிறேன் என்ற பிறகுதான் அந்த வாக்கியம் வீடியோவில் திரும்ப வந்தது. ஆனால் ஏற்கெனவே படித்து முடித்து சர்டிபிகேட் வாங்கியவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள் என்றேன். “பயந்துடுவாங்க மேடம், கம்பெனி பேரு கெட்டுடும்” என்றார். சரி, முகவரிகளைத் தாருங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். தனியுரிமை விதி இடம் கொடுக்காதாம். செத்தவனுக்கு எந்தத் தனியுரிமை?

அவர்கள் கோர்ஸிலிருந்து விலகிவிட்டேன். இம்தியாஸின் டேனரித் தொட்டி அருகிலேயே நின்று, சரவணன் போனைப் பிடிக்க, அந்த இரண்டு வாக்கியத்தையும் பேசி எனக்குத் தெரிந்த எல்லா டேனரி வாட்ஸாப் குழுவுக்கும் அனுப்பினேன். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை போயிருக்கிறது. போகாத இடத்தில் யார் தொட்டி மூடியைத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆன்லைனில் பாடம் எடுக்கப்போகும் இளைய ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். வெட்டி முடித்த வீடியோவை முழுசாகப் பார்க்காமல் வெளியிட விடாதீர்கள். கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லும் உரிமையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் முகத்தை நம்பித்தான் ஒருவன் தொட்டிக்குள் இறங்குகிறான்.