பத்துக்குப் பத்து வாங்கிய மனு

எங்கள் மனுவுக்குப் போன செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. லாரியில் வந்தது.

நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சிவிக்ஸ் வாத்தியார். எங்கெங்கோ தேசங்களில் சாதாரண ஜனங்கள் கூடி ஊர்வலம் போனதையும், மனுப் போட்டுச் சட்டத்தையே மாற்றியதையும் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து செல்வி எழுந்தாள்.

"சார், எங்க சந்துல அத்தினி பேருக்கும் ஒரே கொழாய். நாமளும் எழுதலாமா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது... கேட்டால் கிடைக்காதா என்ன?

ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? மனு என்றால் ஒழுங்கு வேண்டும் என்றேன். குடிசைக்கு ஒரு நம்பர். யார், எத்தனை பேர், எந்த ஊர், எப்போது வந்தவர்கள் — எல்லாம் கட்டம் போட்டு எழுதச் சொன்னேன். பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆற்காட்டுத் தமிழர், கன்னடக்காரர், உருது பேசுகிறவர் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

செல்வியின் அப்பா மட்டும் தயங்கினாராம். "பேரு ஊரு குடுத்தா வம்பும்மா."

"எங்க சாரே சொல்லிகிறாரு நைனா" என்று சமாதானம் செய்து, முதல் கைநாட்டை அவரிடமே வாங்கியிருக்கிறாள். மனுவைக் கார்ப்பரேஷன் ஆபீசுக்கு அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை விஷயம் கேள்விப்பட்டு ஓடினேன். லாரியில் வந்த ஆட்கள் குடிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் கையில் எங்கள் தாள்! புறம்போக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் அவர்களிடம் விவரமே இல்லையாம். நாங்கள்தான் நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்த வரிசைப்படியே இடித்தார்கள். முதல் நம்பர் செல்வியின் வீடு.

"குழாய்தானே சார் கேட்டோம்?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தும்ப சென்னாகிதே மேஷ்ட்ரே... ரொம்ப நல்லாயிருக்கு, நல்ல கையெழுத்து" என்று கன்னடமும் தமிழுமாகப் பாராட்டினார்!

செல்வியின் அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கும்பிடு போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கினார். சந்தாபுராவில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறார்களாம். அங்கிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவாள்?

"சார், நாம எதுனா தப்பா எழுதிட்டோமா?" என்று கேட்டாள் செல்வி.

"இல்லம்மா" என்றேன். வெட்கமாக இருந்தது.

மனு ஜெயித்த கதைகளை மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தோற்றவர்கள் மூட்டையோடு எங்கே போனார்கள் என்று நானே படித்ததில்லை.

அந்த மனுவுக்கு நான் போட்ட மார்க் இன்னும் ரிஜிஸ்டரில் இருக்கிறது — பத்துக்குப் பத்து.